பந்தல் முதலில், வழக்கு அப்புறம்: சட்டம் படிக்கப் போகிறவர்களுக்கு மக்களைத் திரட்டுவது பற்றி

கேரளத்துத் தேவிகுளம் பக்கத்து எஸ்டேட் லயத்திலிருந்து (தேயிலைத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) இந்த வருஷம் சட்டக் கல்லூரியில் சேர்ந்திருக்கும் தங்கச்சி ஒருத்தி போன வாரம் போன் பண்ணினாள். விருப்பப் பாடப் பட்டியலில் 'கம்யூனிட்டி ஆர்கனைசிங்', 'சோஷியல் ஜஸ்டிஸ்' என்று இரண்டு பெயர்கள் இருக்கின்றனவாம். "அக்கா, சங்கம் வைக்கிறதையா காலேஜ்ல பாடமா நடத்துறாங்க? எங்க தாத்தா மூணாங் கிளாஸ்தான். டிவிஷன் முழுக்க ஆள் சேத்து சங்கம் வெச்சாரு. இதுக்கு எதுக்குக்கா அஞ்சு வருஷப் படிப்பு?" என்று கேட்டாள்.

நியாயமான கேள்வி. போனில் சொல்லி முடியவில்லை. அவளுக்கும், பீருமேட்டிலிருந்தும் குமுளியிலிருந்தும் பாலக்காட்டுச் சித்தூரிலிருந்தும் சட்டம் படிக்கப் போகும் நம் பிள்ளைகளுக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நானும் அதே லயத்து வாசலிலிருந்து போய் வக்கீலானவள்தான்.

முதலில் சொல்லைப் பிரித்துக்கொள்வோம். அடைத்துக் கிடக்கும் ஒரு தோட்டத்திலிருந்து ஓய்வுபெற்ற தொழிலாளி ஒருவர் வக்கீலிடம் வருகிறார். கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, வரவில்லை. சட்டப்படி, வேலை பார்த்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம் என்று கணக்குப் போட்டு 30 நாளுக்குள் கொடுத்திருக்க வேண்டும். வக்கீல் மனு எழுதி அவருக்குரிய பணத்தை வாங்கிக் கொடுத்தால் அது சட்ட உதவி. இப்படிப் பலர் தவிக்கிறார்கள் என்று வக்கீலே பொதுநல வழக்குப் போட்டு, பத்திரிகைக்கும் பேட்டி கொடுத்தால் அது மக்களுக்காகப் பேசுவது. மூன்றாவதாக ஒரு வழி உண்டு. "உங்களைப் போல இன்னும் எத்தனை பேர் இருக்காங்க? ஞாயித்துக்கிழமை எல்லாரும் ஒரு இடத்துல உக்காந்து பேசலாமா?" என்று கேட்பது. அங்கே தொடங்குவதுதான் மக்களைத் திரட்டுவது. முதல் இரண்டிலும் வேலை செய்வது வக்கீல். மூன்றாவதில் முடிவு எடுப்பதும் பேசுவதும் நடப்பதும் பாதிக்கப்பட்டவர்கள்.

அவளுடைய தாத்தா செய்தது இந்த மூன்றாவது வேலை. அதற்கு அவருக்குக் கல்லூரி தேவைப்படவில்லை. ஆனால் அவருக்குத் தேவைப்படாத ஒரு பாடம் நமக்குத் தேவைப்படுகிறது. சட்டம் படித்தவர் ஒரு கூட்டத்துக்குள் நுழைந்ததும் கூட்டம் பேச்சை நிறுத்திவிடும். "வக்கீலம்மா வந்துட்டாங்க, அவங்க பாத்துப்பாங்க" என்று அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொள்வார்கள். அந்த அமைதி ஆபத்தானது. அதைக் கலைக்கத் தெரிந்துகொள்வதுதான் இந்தப் பாடத்தின் பாதி.

இதை நம் எல்லையிலேயே வைத்துப் பார்க்கலாம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டம் பெருமாட்டிப் பஞ்சாயத்தில் பிளாச்சிமடை என்று ஒரு சின்ன ஊர். பொள்ளாச்சியிலிருந்து அதிக தூரமில்லை. 2000-இல் அங்கே கோகோ கோலா ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. இரண்டு வருஷத்துக்குள் சுற்றியிருந்த கிணறுகளின் தண்ணீர் மாறிப்போனதாக மக்கள் சொன்னார்கள். குளித்தால் உடம்பு அரிக்கிறது, சோறு வடித்தால் கெட்டுப்போகிறது என்றார்கள் பெண்கள். குடிதண்ணீருக்காகத் தொலைவுக்கு நடக்க வேண்டியதாயிற்று. 22 ஏப்ரல் 2002 அன்று ஆலை வாசலுக்கு எதிரே பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். முன்வரிசையில் எரவாளர் பழங்குடியைச் சேர்ந்த மயிலம்மா இருந்தார்.

அப்போது அவர்கள் கையில் எந்தத் தீர்ப்பும் இல்லை. இருந்தது ஒரு பந்தல், கூடவே சில குடங்கள். ஒரு வருஷம் கழித்து, 2003 ஏப்ரலில், பெருமாட்டிப் பஞ்சாயத்து ஆலையின் உரிமத்தைப் புதுப்பிப்பதில்லை என்று முடிவு செய்தது. அதன் பிறகுதான் விஷயம் எர்ணாகுளம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. வழக்கின் பெயரிலும் மனுதாரர் பெருமாட்டி கிராமப் பஞ்சாயத்துதான். 16 டிசம்பர் 2003 அன்று தனி நீதிபதி தீர்ப்புச் சொன்னார்: நிலத்தடி நீர் மக்கள் அனைவரின் சொத்து, அரசு அதற்கு அறங்காவலர் மட்டுமே, நிலம் வைத்திருப்பவர் இஷ்டத்துக்கு உறிஞ்சி எடுக்க முடியாது. சட்டக் கல்லூரியில் சுற்றுச்சூழல் வகுப்பில் இந்தத் தீர்ப்பைப் படிக்காமல் வெளியே வர முடியாது.

ஆனால் 7 ஏப்ரல் 2005 அன்று அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு வேறு மாதிரி சொன்னது. ஒரு நாளைக்கு 5 லட்சம் லிட்டர் வரை எடுக்கலாம் என்று அனுமதித்தது. வெறும் வழக்காகப் பார்த்தால் மக்கள் பக்கம் தோற்றது. களத்தில் என்ன நடந்தது? ஆலை 2004 மார்ச்சிலேயே நின்றுவிட்டது. மேல் தீர்ப்பு சாதகமாக வந்த பிறகும் அது பழையபடி ஓடவில்லை. அங்கே மறுபடி உற்பத்தி தொடங்கும் எண்ணம் இல்லை என்று 2017-இல் நிறுவனமே உச்ச நீதிமன்றத்தில் சொல்லிவிட்டது.

மாணவியாக இருந்தபோது இந்த இரண்டு தீர்ப்புகளையும் அடுத்தடுத்து வைத்துப் படித்த இரவு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. வழக்கு மட்டுமே போராட்டமாக இருந்திருந்தால் 2005-இல் எல்லாம் முடிந்திருக்கும். பந்தல் முதலில் வந்ததால் வழக்கு அதன் ஒரு கை ஆனது. ஒரு கை ஓய்ந்தபோதும் உடம்பு நின்றது.

இதில் நிறைவேறாத பாதியும் உண்டு, அதை மறைத்துவிட்டுப் பாடம் சொல்லக் கூடாது. கேரள அரசு அமைத்த உயர்நிலைக் குழு 2010-இல் இழப்பை 216.26 கோடி ரூபாய் என்று கணக்கிட்டது. அதை வசூலித்துக் கொடுக்கத் தனித் தீர்ப்பாயம் அமைக்க 2011-இல் சட்டமன்றம் மசோதா நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்காமல் அது திரும்பிவிட்டது. ஆலை போனது, இழப்பீட்டுக்கு வழி பிறக்கவில்லை. மயிலம்மா 2007-இலேயே காலமாகிவிட்டார்.

தண்ணீருக்காக இப்படிப் போனது இது முதல் முறையும் அல்ல. மகாராஷ்டிரத்தில் மகாத் நகராட்சி, தன் பொதுக்குளம் எல்லாச் சாதியினருக்கும் திறந்தது என்று 1924-இலேயே தீர்மானம் போட்டிருந்தது. தாளில் உரிமை இருந்தது, குளத்தில் கை வைக்க யாராலும் முடியவில்லை. 20 மார்ச் 1927 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்து போய் சவதார் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். அதைத் தொடர்ந்த வழக்கு பம்பாய் உயர் நீதிமன்றத்தில் முடிய 1937 ஆயிற்று. அம்பேத்கர் பாரிஸ்டர். வழக்கின் வலிமை அவருக்குத் தெரியாததா? இருந்தும் அவர் முதலில் நடந்தார். 1942-இல் நாக்பூரில் அவர் சொன்ன மூன்று சொற்களை நம் ஊர்ச் சுவர்களில் 'கற்பி, ஒன்றுசேர், புரட்சி செய்' என்று எழுதி வைத்திருக்கிறோம். அன்று அவர் சொன்ன வரிசையில் கற்பிப்பதற்கு அடுத்து வருவது கிளர்ச்சி, ஒன்றுசேர்வது மூன்றாவது. நான் இதை இப்படிப் புரிந்துகொள்கிறேன்: முதலில் மனத்துக்குள் ஒன்று கொதிக்க வேண்டும், கொதித்தவர்கள்தான் சேர முடியும். நோட்டீஸ் ஒட்டிக் கூட்டிய கூட்டம் மழை வந்தால் கலைந்துவிடும்.

இனி 'சமூக நீதிக் கோட்பாடு' என்ற பாதி. புத்தகத்தில் பார்த்தால் பயமாக இருக்கும். லயத்தையும் பங்களாவையும் வைத்துச் சொன்னால் புரிந்துவிடும்.

அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் ரால்ஸ் 1971-இல் ஒரு யோசனையை முன்வைத்தார். நீ இன்னும் பிறக்கவில்லை என்று வைத்துக்கொள். எங்கே பிறக்கப்போகிறாய் என்பதும் தெரியாது. மேனேஜர் பங்களாவிலா, ஒற்றை அறை லயத்திலா, ஆணாகவா, பெண்ணாகவா, எந்தச் சாதியில், எதுவும் தெரியாது. கண் முன்னால் ஒரு திரை. அந்தத் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு இந்த எஸ்டேட்டுக்கு விதி எழுது என்றால் எப்படி எழுதுவாய்? லயத்தில் பிறந்தாலும் மனுஷியாக வாழ முடிகிற மாதிரிதானே எழுதுவாய்? ஏற்றத்தாழ்வு இருந்தே தீரும் என்றால், அது அடியில் கிடப்பவருக்கு நன்மை தருவதாக இருக்க வேண்டும் என்பது அவர் வைத்த நிபந்தனை.

பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் 2009-இல் இதற்கு ஒரு மறுப்பு எழுதினார். குறையே இல்லாத ஓர் ஏற்பாட்டை வரைந்து முடிக்கும் வரை காத்திருக்க வேண்டுமா? கண்ணுக்கு முன்னால் தெரியும் அநியாயத்தை இன்றைக்கே குறைக்கலாமே என்றார். விதியும் அமைப்பும் சரியாக இருப்பது 'நீதி', மக்கள் உண்மையில் வாழும் வாழ்க்கையில் தெரிவது 'நியாயம்' என்று வடமொழிச் சொற்கள் இரண்டைப் பிரித்துக் காட்டினார். நமக்கு இது புதிதல்ல. 'சட்டப்படி சரிதான், ஆனா நியாயமா?' என்று தெருவில் தினமும் கேட்கிறோமே, அதே பிரிவுதான்.

எனக்கு அதிகம் உதவியது அமெரிக்கத் தத்துவ அறிஞர் நான்சி ஃப்ரேசர் சொன்னது. அநீதிக்கு மூன்று முகம் என்கிறார் அவர். பொருள் பங்கிடப்படுவதில் வரும் அநீதி ஒன்று. மதிக்கப்படாமல் போகும் அநீதி இன்னொன்று. முடிவெடுக்கும் மேசையில் இடமே இல்லாத அநீதி மூன்றாவது. இந்த மூன்றையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால் 2015 செப்டம்பர் மூணாறைப் பாருங்கள்.

கண்ணன் தேவன் தோட்டங்களில் கொழுந்தெடுக்கும் பெண்கள், பெரும்பாலும் தமிழ் பேசுகிறவர்கள், வேலையை நிறுத்திவிட்டு நடுரோட்டில் வந்து உட்கார்ந்தார்கள். 10 சதவீதமாகக் குறைந்த போனஸை 20 சதவீதமாக்க வேண்டும், 232 ரூபாய் தினக்கூலியை 500 ஆக்க வேண்டும் என்றார்கள். இது பங்கீடு. 'பெம்பிளை ஒருமை' (பெண்கள் ஒற்றுமை) என்று தங்களுக்குத் தாங்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். கூடை சுமக்கிற பொம்பளைக்கு என்ன தெரியும் என்று காலங்காலமாகக் கேட்டவர்கள் அந்தப் பெயரைச் சொல்லியே கூப்பிட வேண்டிவந்தது. இது மதிப்பு. தொழிற்சங்கத் தலைவர்களை அருகில் விடவில்லை. தோட்டத்தில் பாதிக்கு மேல் வேலை செய்வது நாங்கள், பேச்சுவார்த்தைக்குப் போவது மட்டும் எப்போதும் ஆண்களா என்று கேட்டார்கள். இது மேசையில் இடம்.

9 நாளில் 20 சதவீதம் என்று உடன்பாடு வந்தது. கூலி 500 ஆகவில்லை. பின்னால் நடந்த பேச்சில் 301 என்று முடிந்தது. அதே வருஷம் நவம்பரில் உள்ளாட்சித் தேர்தலில் நின்று சில இடங்களில் வென்றார்கள். பிறகு அமைப்புக்குள் பிளவும் வந்தது. சேர்ப்பதை விடச் சேர்ந்தே இருப்பது கடினம் என்பதைக் கோட்பாட்டு வகுப்பில் யாரும் அழுத்திச் சொல்வதில்லை. நான் சொல்கிறேன்.

சரி, எதற்காக இப்படி மெனக்கெட வேண்டும்? நல்ல வக்கீல் ஒருவர் நல்ல வழக்கு ஒன்றைப் போட்டால் போதாதா? இதற்கான பதிலை மார்க் கலான்டர் என்ற சட்ட அறிஞர் 1974-இல் எழுதினார். இந்திய நீதிமன்றங்களையும் ஆராய்ந்தவர் அவர். நீதிமன்றத்துக்கு வருபவர்களில் இரண்டு வகை என்றார். வாழ்நாளில் ஒருமுறை வருபவர் ஒரு வகை, அதே வாசலுக்குத் திரும்பத் திரும்ப வருபவர் மறு வகை. ஓய்வுபெற்ற தொழிலாளிக்கு அது ஒரே ஒரு கிராஜுவிட்டி வழக்கு. அவருடைய கிழவியின் மருந்துச் செலவு அதில் இருக்கிறது. பெரிய நிறுவனத்துக்கோ அது நூறில் ஒன்று. தோற்பது உறுதி என்று தெரிந்த வழக்கில் பணம் கொடுத்துச் சமாதானம் ஆகிவிடும். தனக்குச் சாதகமான விதி பிறக்கும் என்று தெரிந்த வழக்கை மட்டும் உச்ச நீதிமன்றம் வரை இழுக்கும். நீதிபதி எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் இந்தச் சாய்வு இருக்கும். சாய்வு ஆட்டத்திலேயே இருக்கிறது. ஒருமுறை மட்டும் வருபவர்கள் நூறு பேர் சேர்ந்து சங்கமாகிவிட்டால் அவர்களும் திரும்பத் திரும்ப வருபவர் ஆகிவிடுகிறார்கள். அவளுடைய தாத்தா மூணாங் கிளாஸ் படிப்போடு கண்டுபிடித்தது இதைத்தான்.

இப்போது என் கதை. நான்காம் வருஷம் படிக்கும்போது ஓணம் லீவுக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். பக்கத்து லயத்து அக்கா மகளுக்கு நர்சிங் சீட் கிடைத்திருந்தது, சாதிச் சான்றிதழ் கிடைக்கவில்லை. இந்தச் சிக்கல் நம் பகுதிக்கே உரியது. பட்டியல் சாதிகளின் பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. 1950 ஆகஸ்டில் வந்த குடியரசுத் தலைவர் ஆணைதான் அதற்கு அடிப்படை. ஒரு மாநிலத்தில் இருக்கும் பட்டியல் சாதித் தகுதி இன்னொரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தவரோடு கூட வராது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 1990-இல் சொல்லியிருக்கிறது. அதனால் திருநெல்வேலிப் பக்கமிருந்து மலையேறிய குடும்பங்கள், தங்கள் தாத்தன் 1950-க்கு முன்பே இங்கே இருந்தான் என்று காட்ட வேண்டியிருக்கிறது.

எனக்குக் கை பரபரத்தது. உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம் என்றேன். அந்த அக்கா கட்டஞ்சாயாவை ஆற்றிக்கொண்டே கேட்டார்:

"அதுல யாரு பேரு வரும் பாப்பா?"

"உங்க பேரும் மகள் பேரும்தான்."

"அப்ப மேல் லயத்து ஆறு வீட்டுக்கு?"

நான் வாயடைத்துப்போனேன். அன்று சாயங்காலம் அவரே வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். இருட்டியதும் பதினோரு வீட்டுப் பெண்கள் தகரப் பெட்டியிலும் பிளாஸ்டிக் கவரிலும் வைத்திருந்த காகிதங்களோடு வந்துவிட்டார்கள். தரையில் பரப்பினோம். மடித்த மடிப்பிலேயே கிழிந்துபோன சம்பளத் துண்டு, எஸ்டேட் ஆஸ்பத்திரிப் பிறப்புச் சீட்டு. பழைய காலண்டர் தாள் ஒன்றைத் திருப்பிப்போட்டு மூன்று கட்டம் கிழித்தேன். பெயர், என்ன கேட்டார்கள், என்ன இருக்கிறது. நிரப்ப நிரப்பத்தான் தெரிந்தது. அதிகாரிகள் ஒவ்வொரு வீட்டிடமும் ஒவ்வொன்றைக் கேட்டிருந்தார்கள். நான்கு வீட்டில் தாத்தாவின் பள்ளிச் சான்றிதழ். அந்தத் தாத்தாக்கள் யாரும் பள்ளிக்கூடத்தைப் பார்த்ததில்லை. ஐந்து வீட்டில் நிலப் பத்திரம்.

அதுவரை ஒவ்வொருத்தியும் 'நம்ம வீட்டுல பேப்பர் சரியில்ல' என்று தன்னைத்தானே நொந்துகொண்டிருந்தாள். அந்தக் காலண்டர் தாளைப் பார்த்த பிறகு யாரும் அப்படிச் சொல்லவில்லை. திரட்டுதல் என்று புத்தகங்களில் வருவதை நான் கண்ணால் கண்டது அந்த ஐந்து நிமிஷத்தில்.

மனுவைத் தமிழிலேயே எழுதினோம். குறையைத் தெரிவிக்கும் மனுவை மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கலாம் என்று அரசியலமைப்பின் 350-ஆம் பிரிவு சொல்கிறது. அரைநாள் கூலியை விட்டுவிட்டு ஒன்பது பேர் சான்றிதழ் கொடுக்கும் அலுவலகத்துக்குப் போனோம். நான் கடைசி பெஞ்சில் உட்கார வேண்டும், கேட்டால் மட்டும் வாய் திறக்க வேண்டும் என்று முந்தின நாளே முடிவாகியிருந்தது. பேசியது அக்காதான்: "சார், நிலப் பத்திரம் கேக்குறீங்க. லயம் கம்பெனிது. எங்க தாத்தன் பேருல நிலம் இருந்திருந்தா நாங்க ஏன் சார் மலையில வந்து கொழுந்து எடுக்குறோம்?"

என் சட்டக் கல்லூரியில் யாரும் இதைவிட நல்ல வாதம் வைத்து நான் கேட்டதில்லை. என்னென்ன ஆவணங்களை ஏற்போம் என்று எழுத்தில் ஒரு பட்டியல் கொடுத்தார்கள். பதினோரு வீட்டில் ஏழு வீட்டுக்குச் சான்றிதழ் வந்தது. நான்கு வீட்டுக்கு வரவில்லை. அந்த நான்குக்கு அப்புறம் வழக்குப் போட்டோம், இந்த முறை என்ன கேட்க வேண்டும் என்பது எங்களுக்குத் தெரிந்திருந்தது.

தங்கச்சிக்கு நடைமுறையாகச் சில விஷயம். வக்கீல் தொழிலை ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சிலின் 2008 விதிகளின்படி ஐந்து வருஷப் படிப்பில் மொத்தம் 20 வாரம் இன்டர்ன்ஷிப் செய்தாக வேண்டும், மூன்று வருஷப் படிப்பென்றால் 12 வாரம். எல்லாரும் பெரிய வக்கீல் ஆபீசுக்கும் நிறுவனங்களுக்கும் ஓடுவார்கள். அந்தப் பட்டியலில் தொண்டு நிறுவனங்களும் உள்ளாட்சி அமைப்புகளும் இருக்கின்றன. முதல் வருஷமே நாலு வாரம் ஒரு பஞ்சாயத்தில் போய் உட்கார். கிராம சபையில் யார் பேசுகிறார்கள், யார் பின்வரிசையில் நின்றே திரும்பிப் போகிறார்கள் என்று மட்டும் பார். உன் கல்லூரியில் சட்ட உதவி மையம் இருக்கும். விழிப்புணர்வு முகாம் என்ற பெயரில் மைக் பிடித்துப் பேசிவிட்டு போட்டோ எடுத்துக்கொண்டு பஸ் ஏறும் வேலைக்கு மட்டும் போகாதே. அப்படி நான் இரண்டு முகாமுக்குப் போயிருக்கிறேன், அந்த ஊர்க்காரர் ஒருவர் முகம்கூட எனக்கு நினைவில்லை.

1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவை மனப்பாடம் செய்துகொள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழிலாளர் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உரிமை உண்டு. நம் லயங்களில் அநேகமாக எல்லாருமே இதற்குள் வந்துவிடுவார்கள். ஆனால் அதை ஊருக்குச் சொல்லும்போது 'பிரிவு 12' என்று தொடங்காதே. அவர்கள் ஒரு விஷயத்தைச் சொல்லும் வரை காத்திரு. ஐந்து நிமிஷம் யாரும் பேசாமல் இருந்தாலும் நீ அந்த இடைவெளியை நிரப்பாதே. எனக்கு இது பழக மூன்று வருஷம் ஆயிற்று. அவர்களால் செய்ய முடிந்த எதையும் நீ எடுத்துச் செய்யாதே என்று அமெரிக்காவில் சிகாகோ இறைச்சித் தொழிலாளர் குடியிருப்பில் 1939-இல் இந்த வேலையைத் தொடங்கிய சால் அலின்ஸ்கியின் வழிவந்தவர்கள் ஒரு இரும்பு விதி வைத்திருக்கிறார்கள். மனுவை எழுத்துக்கூட்டி எழுத அவர்களுக்கு ஒரு மணி நேரம் ஆகும், நீ எழுதினால் பத்து நிமிஷம். அந்த ஒரு மணி நேரம் ஆகட்டும்.

பாடத்தை எடுத்துக்கொள் என்றுதான் போனில் கடைசியாகச் சொன்னேன். இந்த ஓணத்துக்கு வருகிறாளாம். அந்தக் காலண்டர் தாளை இன்னும் வைத்திருக்கிறேன், அவளிடம் கொடுக்க வேண்டும். அவள் இருக்கும் டிவிஷனில் குடிதண்ணீர்க் குழாய்ப் பிரச்சினை ஒன்று இரண்டு மாசமாக ஓடிக்கொண்டிருக்கிறது, அதற்குக் கட்டம் கிழிக்கப் புதுத் தாள் அவளே தேடிக்கொள்ளட்டும்.